முதல் வேப்: எந்த ஓம், எந்த டேங்க்?

சிகரெட்டில் சின்ன எண் என்றால் லைட், பெரிய எண் என்றால் ஸ்ட்ராங். பதினைந்து வருடம் தம் அடித்தவனுக்கு இவ்வளவுதான் தெரியும். அந்த அறிவோடு கிழக்கு லண்டனில் ஒரு வேப், அதாவது மின்சிகரெட், கடைக்குள் நுழைந்து, 1.6 என்று போட்டிருந்த, லிக்விட்டைச் சூடாக்கும் காயிலைத் தள்ளிவிட்டு 0.15 போட்டதைக் கேட்டு வாங்கினேன். முதல் தடவைதானே, மைல்டாகவே ஆரம்பிப்போம் என்று நினைப்பு. கவுன்டரில் இருந்த பையன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையை நிறைக்கிற ஒரு பெட்டி, அதன் தலையில் லிக்விட் ஊற்றும் கண்ணாடி டேங்க், மில்லிலிட்டருக்கு 12 மி.கி. நிக்கோடின் போட்ட லிக்விட். பில் எழுபது பவுண்டுக்குப் பக்கம்.

பஸ் ஸ்டாப்பில் நின்று முதல் இழுப்பு. சிகரெட் பழக்கத்தில் கன்னம் குழிய இழுக்கப் பார்த்தேன். காற்றுத் துளை அகலமாகத் திறந்து கிடந்ததால் கன்னம் குழியவில்லை. இழுத்ததெல்லாம் நேரே நெஞ்சுக்குள் போய் இறங்கியது. தொண்டையில் மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி ஒரு எரிச்சல். இருமி முடிப்பதற்குள் தலை சுற்றி, வயிற்றைப் புரட்டி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏற வேண்டிய பஸ் வந்து நின்று போய்விட்டது. அன்று சாயங்காலமே ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கினேன். அடுத்த நான்கு மாதம் அதே பாக்கெட்தான். நாளுக்குப் பத்து என்று வைத்தால், ஒரு தப்பான காயில் எனக்கு அறுபது பாக்கெட் சிகரெட்டாக முடிந்தது.

அதனால்தான் இந்த ஒப்பீடு. இது யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே சிகரெட் பிடித்துக்கொண்டு, அதை விட முடியாமல், வேப் விற்பது சட்டப்படி சரியான ஒரு நாட்டில் இருக்கும் வயது வந்தவர்களுக்கு. நான் சொல்லும் விதிகளும் விலைகளும் பிரிட்டனுடையவை. சிகரெட்டைத் தொடாதவர் இதைப் படித்து ஆரம்பிக்க ஒரு காரணமும் இல்லை. வேப்பில் புகையிலை எரிவதில்லை, அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை. புகைப்பதைவிடப் பெரிதும் தீங்கு குறைவு என்றுதான் இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். சொல்கிறது. தீங்கே இல்லை என்று அது சொல்லவில்லை. நிக்கோடின் பழக்கம் நிக்கோடின் பழக்கம்தான். இந்தியாவிலோ 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்து, அந்த டிசம்பரில் முழுச் சட்டமாகி, தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு வைத்தல் எல்லாமே தடை. தயாரிப்பது, இறக்குமதி, விற்பது என்றால் முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போகிற சாமான் இல்லை இது.

ஓம் என்பது என்ன?

காயில் என்றால் ஒரு சின்னக் கம்பிச்சுருள். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட மெல்லிய தகடு, அதை மெஷ் என்கிறார்கள். அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு லிக்விட்டை உறிஞ்சும், கம்பி சூடாகும், ஆவி வரும். எண்ணெயும் திரியும் போலத்தான். திரி நனைந்திருக்கும் வரை எரிவது எண்ணெய். எண்ணெய் வற்றினால் திரியே கருகும். வேப்பில் திரி கருகினால் வாயில் வருகிற ருசி இருக்கிறதே, அது நாள் முழுக்கப் போகாது.

ஓம் என்பது அந்தக் கம்பி மின்சாரத்துக்குக் காட்டும் தடை. தடை குறையக் குறைய மின்சாரம் அதிகம் பாயும், சூடு கூடும், ஆவி கூடும். ஆக எண் சின்னதானால் சாமான் முரட்டுத்தனமானது. நான் சறுக்கிய இடம் இதுதான். எனக்குப் பிறகு கடையில் கேள்வி கேட்டுக்கொண்டு நின்ற எத்தனையோ பேர் இதே இடத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்து இயற்பியல் ஒரு வரி போதும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். முழுக்க சார்ஜ் ஏறிய லித்தியம் செல் 4.2 வோல்ட் கொடுக்கும். அதை அப்படியே 1.8 ஓம் காயிலில் விட்டால் 10 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. 1.2 ஓமில் 14.7 வாட். 0.8 ஓமில் 22. 0.5 ஓமில் 35. என் 0.15 ஓமில் 117 வாட்டைத் தாண்டும். செல்லிலிருந்து 28 ஆம்பியர் இழுக்கும். 18650 என்கிற வழக்கமான செல்களில் பலவும் தாங்குவது 20 ஆம்பியரை ஒட்டித்தான். நல்லவேளை, கடையில் கிடைக்கும் பெரும்பாலான கருவிகளுக்குள் ஒரு சிப் உட்கார்ந்து இதையெல்லாம் கட்டுப்படுத்துகிறது. சிப்பே இல்லாத, உலோகக் குழாய் மாதிரி இருக்கும் மெக்கானிக்கல் மாட் என்று ஒன்று உண்டு. புதியவர் அதன் பக்கம் போக வேண்டாம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓம் மட்டும் பார்த்து எல்லாம் தெரிந்துவிடாது. மெல்லிய கம்பியில் ஐந்தாறு சுற்று சுற்றிய 0.8 ஓமும், அகலமான மெஷ் தகட்டில் வந்த 0.8 ஓமும் ஒன்றில்லை. ஆவியாகும் பரப்பு மாறும், தேவைப்படும் வாட் மாறும். அதனால் காயிலின் உடம்பிலோ பெட்டியிலோ ஓமுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் வாட் வரம்பைப் படியுங்கள். கீழ் எண்ணில் தொடங்கி ஒவ்வொரு வாட்டாக ஏற்றுங்கள். மேல் எண்ணில் தொடங்குகிறவர் முதல் நாளே காயிலைக் கருக்குவார்.

அண்ணை கேட்ட ஒரு கேள்வி

நான்கு மாதம் கழித்து, இரவு ஷிப்ட்டில் கூட வேலை பார்த்த ஒருவர் என் பையில் கிடந்த அந்தப் பெட்டியைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எனக்குப் பத்து வயது மூத்தவர், அங்கே எல்லோருக்கும் அண்ணை. இருபது வருடம் பத்தியவர், அப்போது விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

"தம்பி, நீர் சிகரெட்டை எப்பிடி இழுக்கிறனீர்? புகையை வாய்க்குள்ள வச்சிட்டு உள்ள எடுக்கிறனீரோ, இல்லாட்டி நேரா நெஞ்சுக்குள்ளயோ?"

அதுவரை யோசித்ததே இல்லை. வாசலுக்குப் போய் ஒன்றைப் பற்றவைத்துப் பார்த்தேன். வாயில் நிரப்பி, அரை நொடி நிறுத்தி, பிறகுதான் உள்ளே இறங்குகிறது. வந்து சொன்னேன்.

"அப்ப இந்தச் சாமான் உமக்குச் சரிவராது. இது ஹூக்கா மாதிரி."

வேப் உலகத்தில் முதலாவதை எம்டிஎல் என்றும் இரண்டாவதை டிடிஎல் என்றும் சொல்வார்கள். நான் அண்ணை சொன்னபடி வாய் இழுப்பு, நெஞ்சு இழுப்பு என்றே எழுதுகிறேன். வாய் இழுப்புக்குக் குறுகலான காற்றுத் துளை, ஒரு ஓமுக்கு மேலான காயில், 10 முதல் 15 வாட் வரை, கொஞ்சம் கூடுதல் நிக்கோடின். நெஞ்சு இழுப்புக்கு அகலமான துளை, அரை ஓமுக்குக் கீழே, 40, 60, 80 வாட், மிகக் குறைந்த நிக்கோடின். இந்த நான்கும் ஒரு செட். ஒரு செட்டிலிருந்து மூன்றையும் மற்றதிலிருந்து ஒன்றையும் எடுத்துப் போட்டால் என் பஸ் ஸ்டாப் கதைதான். நான் எடுத்தது நெஞ்சு இழுப்பு டேங்க். ஊற்றியது வாய் இழுப்பு லிக்விட்.

சிகரெட் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் வாய் இழுப்புக்காரர்கள்தான். அவர்கள் தேடுவது அந்தக் கன்னம் குழியும் இறுக்கத்தையும் தொண்டையில் விழும் அந்தச் சின்ன அடியையும். அதைக் கொடுக்காத கருவி எவ்வளவு மேகம் கக்கினாலும், சாப்பாட்டுக்குப் பிறகு கை சிகரெட்டைத்தான் தேடும். என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதல் கருவிக்கு 1.0 முதல் 1.8 ஓம் வரை. ஹூக்கா பிடித்துப் பழகியவர், சிகரெட்டையே நெஞ்சுக்குள் நேராக இழுக்கிறவர் மட்டும் விதிவிலக்கு.

நிக்கோடின் கணக்கு

வாய் இழுப்பில் நாளைக்கு 2 முதல் 4 மி.லி. லிக்விட் போகும். நெஞ்சு இழுப்பில் 8, 10 மி.லி. கூடச் சாதாரணம். 12 மி.கி. லிக்விட் 3 மி.லி. என்றால் ஆவியாகும் நிக்கோடின் 36 மி.கி. 3 மி.கி. லிக்விட் 10 மி.லி. என்றால் 30 மி.கி. ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டு வழியும் ஒரே ஊருக்குத்தான் போகின்றன. நெஞ்சு இழுப்பு டேங்க்கில் 12 மி.கி. ஊற்றுகிறவர் அந்த ஊரைத் தாண்டி நான்கு மடங்கு தூரம் போய்விடுவார். தலைசுற்றல், குமட்டல், படபடப்பு வந்தால் உடலில் நிக்கோடின் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக் காற்றாட உட்காருங்கள்.

பிரிட்டனில் நிக்கோடின் உச்சவரம்பு மில்லிலிட்டருக்கு 20 மி.கி. 2016-இல் வந்த விதி அது. கடைகளில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2017 மே மாதம். நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிக்கிறவர் வாய் இழுப்புக் கருவியில் 18 அல்லது 20-இல் தொடங்கலாம். பத்துக்குள் என்றால் 10, 12. சால்ட் என்று பெயர் போட்டு வரும் லிக்விட்டில் நிக்கோடினோடு ஓர் அமிலம், பெரும்பாலும் பென்சாயிக் அமிலம், சேர்த்திருப்பார்கள். அதனால் 20 மி.கி. கூடத் தொண்டையை அறுக்காமல் இறங்கும். அதை நெஞ்சு இழுப்பு டேங்க்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அறுக்காமல் இறங்குவதால் எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது.

புதியவர்கள் செய்கிற எதிர்த் தப்பும் ஒன்று உண்டு. நல்ல பிள்ளையாக 3 மி.கி. வாங்கி 1.6 ஓம் காயிலில் போட்டு, நாள் முழுக்க ஊதியும் திருப்தி வராமல், "வேப் எனக்கு ஒத்துவரல" என்று சிகரெட்டுக்குத் திரும்புவார்கள். ஒத்துவராதது வேப் இல்லை, அந்த மூன்று மி.கி.

லிக்விட்டின் கெட்டித்தன்மையும் காயிலோடு சேர்ந்த விஷயம். பாட்டிலில் விஜி, பிஜி என்று இரண்டு விகிதம் போட்டிருக்கும். விஜி கிளிசரின், பாகு மாதிரி கெட்டி, மேகம் தருவது அதுதான். பிஜி புரொப்பிலீன் கிளைகால், தண்ணீர்ப் பதம், தொண்டை அடி அதனிடம். வாய் இழுப்புக் காயிலின் பஞ்சுத் துளைகள் சின்னவை. அதில் 70 விஜி ஊற்றினால் பாகு இறங்காமல் பஞ்சு காய்ந்து கருகும். நெஞ்சு இழுப்புக் காயிலின் துளைகள் பெரியவை. அதில் 50க்கு 50 ஊற்றினால் வெள்ளம், அடியில் ஒழுகும். என் எழுபது பவுண்டு டேங்க் சட்டைப் பையை நனைத்தது அதனால்தான். அதைப் பல நாள் மட்டமான சரக்கு என்று திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

மாதச் செலவு

இங்கே இருபது சிகரெட் பாக்கெட் 15 பவுண்டைத் தாண்டிவிட்டது. நாளைக்குப் பத்து என்றால் மாதம் 225-க்குக் குறையாது. எந்த வேப்பும் இதைவிட மலிவு. ஆனால் இரண்டு இழுப்புக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் சின்னதில்லை.

வாய் இழுப்பில் நாளைக்கு 3 மி.லி., மாதம் 90 மி.லி. 10 மி.லி. பாட்டில் சுமார் மூன்றரை பவுண்டு என்றால் ஒன்பது பாட்டில், 32 பவுண்டு. மூன்று காயில் அல்லது பாட் (லிக்விட் பிடிக்கும், சொருகி எடுக்கும் சின்னக் கூடு), ஒன்று மூன்று பவுண்டு. ஆக நாற்பதை ஒட்டி வரும்.

நெஞ்சு இழுப்பில் நாளைக்கு 8 மி.லி., மாதம் 240. நிக்கோடின் உள்ள லிக்விட்டை 10 மி.லி.க்கு மேல் ஒரே பாட்டிலில் விற்கக் கூடாது என்பது சட்டம். அதனால் 60 மி.லி. பாட்டிலில் நிக்கோடின் இல்லாத 50 மி.லி. ஊற்றி விற்பார்கள், ஷார்ட்ஃபில் என்று பெயர்; 18 மி.கி. நிக்கோடின் உள்ள 10 மி.லி. குட்டிப் பாட்டில் ஒன்றை, ஷாட் என்பார்கள், நாம் ஊற்றிக் குலுக்கினால் 60 மி.லி. முழுக்க 3 மி.கி. ஆகிவிடும். மாதம் நான்கு பாட்டில், ஐம்பது அறுபது பவுண்டு. காயிலும் விலை கூட, ஆயுளும் குறைவு.

இதற்கு மேல் வரி. வேப் லிக்விட்டுக்கு 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2026 அக்டோபர் 1 முதல். நிக்கோடின் எவ்வளவு என்று அந்த வரி பார்ப்பதில்லை, சைபர் மி.கி. லிக்விட்டுக்கும் உண்டு. அளவுதான் கணக்கு. வாட் வரியையும் சேர்த்தால் மாதம் 90 மி.லி. ஊதுகிறவருக்கு 24 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு; 240 மி.லி. ஊதுகிறவருக்கு 63 பவுண்டுக்கு மேல். (இந்த வாட் வேறு வாட், விற்பனை வரி.) மேகம் பிடிக்கும் என்று குறைந்த ஓமுக்குப் போகிறவர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

பேட்டரியும் அப்படியே. 2500 மி.ஆம்பியர்-மணி 18650 செல்லில் சுமார் 9 வாட்-மணி நேரம் இருக்கிறது. 12 வாட்டில் காகிதக் கணக்குப்படி 45 நிமிடம் எரியும். மூன்று நொடி இழுப்பு என்றால் தொள்ளாயிரம். 60 வாட்டில் ஒன்பதே நிமிடம். நான்கு நொடி இழுப்பு நூற்று முப்பத்தைந்து. நிஜத்தில் இரண்டுமே இதைவிடக் குறையும், விகிதம் மாறாது. நெஞ்சு இழுப்புக் கருவிகள் இரண்டு செல் போட்டு அரைச் செங்கல் கனத்தில் வருவதன் காரணம் இதுதான். வேலைக்கு இடையில் இரண்டு இழுப்பு இழுக்கிறவருக்கு இந்தச் செங்கல் எதற்கு?

நடுவில் 0.6, 0.8 ஓம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தளர்ந்த வாய் இழுப்பு, அல்லது இறுக்கமான நெஞ்சு இழுப்பு, இரண்டாகவும் ஓட்டலாம். ருசி நன்றாக வரும், லிக்விட் நாளைக்கு 4, 5 மி.லி. போகும். பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது, நானும் சில மாதம் நின்றேன். ஆனால் முதல் வாரத்துக்கு இது வேண்டாம். சிகரெட் மாதிரியும் இல்லாமல் ஹூக்கா மாதிரியும் இல்லாமல், ஏன் திருப்தி வரவில்லை என்றே புரியாது.

டேங்க்கா, பாடா?

பிரிட்டனில் டேங்க் எதுவானாலும் 2 மி.லி.க்கு மேல் கொள்ளக் கூடாது. வாய் இழுப்புக்காரருக்கு அது முக்கால் நாள். 8 மி.லி. ஊதுகிறவர் நாளைக்கு நான்கு தடவை நிரப்ப வேண்டும், அதுவும் பஸ்ஸில், மழையில். ஓம் தேர்வு டேங்க்கையும் இப்படித்தான் பாதிக்கிறது.

ஒருமுறை ஊதி எறியும் டிஸ்போசபிள் 2025 ஜூன் 1 முதல் இங்கே விற்கத் தடை. அதற்குப் பதிலாகக் கடைகள் முன்னால் தள்ளுவது லிக்விட் நிரப்பியே வரும் பாட். சொருகினால் வேலை முடிந்தது, ஓம் பற்றி யோசிக்கவே வேண்டாம். விலை மட்டும் வலிக்கும்: 2 மி.லி. பாட் இரண்டு, ஐந்தாறு பவுண்டு. அதே காசுக்கு 10 மி.லி. பாட்டில் ஒன்றும் மிச்சச் சில்லறையும் கிடைக்கும். முதல் இரண்டு வாரம் சிகரெட்டை நிறுத்த இது உதவினால் வாங்குங்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

நாமே நிரப்பும் பாட்களில் இரண்டு வகை. வேப்போரெஸ்ஸோ எக்ஸ்ராஸ் மாதிரியானவற்றில் காயில் பாட்டுக்குள்ளேயே பொதிந்திருக்கும். ருசி போனதும் பாட்டையே தூக்கிப் போட வேண்டும். 0.6, 0.8, 1.0, 1.2 என்று பல ஓமில் பாட் கிடைப்பதால், கருவியை மாற்றாமல் இழுப்பை மாற்றிப் பார்க்கலாம். கையில் லிக்விட் ஒட்டாது. யூவெல் காலிபர்ன் ஜி மாதிரியானவற்றில் பாட் இருக்க, அடியில் சொருகிய காயிலை மட்டும் பிடுங்கி மாற்றலாம், 0.8-உம் 1.0-உம் உண்டு. குப்பை குறைவு, காசும் கொஞ்சம் மிச்சம். ஆனால் பழைய காயிலைப் பிடுங்கும்போது விரலெல்லாம் பிசுபிசுக்கும். காயிலைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் கசியும். எனக்குப் பொறுமை குறைவு, அதனால் முதல் வகை பக்கம். மனைவியின் கட்சி இரண்டாவது. குப்பைக் கூடையைக் காலி செய்வது அவர்.

அப்புறம் அசல் டேங்க். தனிப் பெட்டி மேல் 510 என்ற மரையில் திருகுகிறது. வாய் இழுப்புக்கு என்றே செய்தவை குறைவு. இரண்டு பெயர் சொல்லலாம். ஆஸ்பயர் நாட்டிலஸ், 1.8 ஓம் காயிலோடு. இன்னோகின் ஸெனித், 1.6-உம் 0.8-உம். அண்ணை தன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நாட்டிலஸ் மினி. நாலைந்து இழுப்பில் தோள் தளர்ந்தது; பஸ் ஸ்டாப்புக்குப் பிறகு முதல் தடவையாக, அடுத்த சிகரெட் எப்போது என்று யோசிக்காமல் ஒரு டீ குடித்தேன். அந்த மினியில் ஒரே தொல்லை, தலைகீழாகக் கவிழ்த்து அடியைக் கழற்றித்தான் நிரப்ப வேண்டும். நிமிர்த்தும்போது கொஞ்சம் சிந்தாமல் இருக்காது. ஸெனித்தில் மேல் மூடியைத் திருகினால் துளை தெரியும், அதில் பாட்டில் மூக்கை வைத்து ஊற்றினால் போதும். மேலிருந்து நிரப்பும் டேங்க் மட்டுமே வாங்குங்கள்.

டேங்க்கின் பலம் காற்று வளையம். திருகத் திருக இழுப்பு இறுகும், தளரும். பாடில் இந்த நுணுக்கம் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. காயிலும் பாட்டைவிட நீடிக்கும். பலவீனம் உருவம்தான், சட்டைப் பையில் அடங்காது, கண்ணாடி கீழே விழுந்தால் போச்சு. அதோடு வாட் ஏற்றி இறக்கும் பெட்டியும் தனியாக வேண்டும். வீட்டில், மேசைமேல் வைத்துப் பிடிக்கிறவருக்கு டேங்க். வெளியில் அலைகிறவருக்கு பாட்.

இதையெல்லாம்விட ஒரு கேள்வி முக்கியம்: அந்தக் காயில் உங்கள் தெருக் கடையில் கிடைக்கிறதா? புதிதாக வந்த, மின்னுகிற டேங்க்கை வாங்கி, ஆறு மாதத்தில் காயில் வராமல் போய், ஷோகேஸில் வைத்தவர்களை எனக்குத் தெரியும். நாட்டிலஸ், ஸெனித் இரண்டும் பழசு. பழசாகியும் காயில் வந்துகொண்டிருக்கிறது என்பதே அவற்றின் தகுதி. வாங்கும் முன் கவுன்டருக்குப் பின்னால் சுவரில் அந்தக் காயில் பெட்டிகள் எத்தனை தொங்குகின்றன என்று ஒரு பார்வை பாருங்கள்.

புதுக் காயில் போடும் நாள்

காயிலைக் கையில் எடுத்துப் பாருங்கள்: உலோகக் குழலின் பக்கவாட்டில் சின்னத் துளைகள், உள்ளே வெள்ளைப் பஞ்சு. ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு லிக்விட் விடுங்கள். வெள்ளை மங்கி ஈரமாகும்வரை விட்டால் போதும், ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டாம். பிறகு டேங்க்கை மூடி, நிரப்பி, பத்து நிமிடம் எழுந்து போய் வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்து, பட்டனை அமுக்காமல் நாலு வெறும் இழுப்பு. பின்புதான் சூடு, அதுவும் பெட்டியில் போட்ட வரம்பின் அடி எண்ணில். நான் இரண்டாவது காயிலை வாங்கி வந்த அன்று இந்தப் பத்து நிமிடத்தைச் சாப்பிட்டுவிட்டேன். மூன்றே இழுப்பில் பஞ்சு கருகி, மூன்று பவுண்டு குப்பைக்குப் போனது. கருகிய காயிலைக் கழுவி மீட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நல்ல காயில் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் உழைக்கும். இனிப்பு தூக்கலான லிக்விட் என்றால் மூன்று நாலு நாளிலேயே கம்பியில் கறுப்பாகப் பாகு படிந்துவிடும். மாம்பழ ஐஸ், பஞ்சுமிட்டாய் வகையறா இதில் மோசம். புகையிலை, புதினா ருசிகள் காயிலுக்குக் கருணை காட்டும். லிக்விட் கால் டேங்க்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

வாட்டுக்குப் பதில் டிகிரி காட்டும் வெப்பக் கட்டுப்பாடு, நாமே கம்பி சுற்றிப் பஞ்சு வைக்கும் டேங்க், இதெல்லாம் இப்போதைக்குக் காதில் வாங்க வேண்டாம். தனிச் செல் போடும் பெட்டி வைத்திருந்தால், பிளாஸ்டிக் உறை கிழிந்த செல்லைத் தூக்கிப் போடுங்கள். செல்லைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடாதீர்கள். லிக்விட் பாட்டில் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இன்று என்னிடம் ஒருவர் வந்து என்ன வாங்குவது என்று கேட்டால்: நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிக்கிறவர், வெளியில் வேலை, என்றால் மேலிருந்து நிரப்பும் பாட் கருவி ஒன்று, 1.0 அல்லது 1.2 ஓம் பாட் இரண்டு, 20 மி.கி. சால்ட்டில் புகையிலை ருசி ஒன்றும் புதினா ருசி ஒன்றும். முப்பது பவுண்டை ஒட்டி முடியும். வீட்டோடு இருப்பவர் என்றால் ஸெனித், 1.6 ஓம், 12 மி.கி., 50க்கு 50. பெட்டியோடு சேர்த்து அறுபது வரை ஆகலாம். முதல் வாரம் எத்தனை இழுப்பு என்று எண்ணாதீர்கள், எத்தனை சிகரெட் என்று மட்டும் எண்ணுங்கள். இரண்டாவது வாரமும் சிகரெட் சைபருக்கு வரவில்லை என்றால் முதலில் காற்று வளையத்தை இறுக்குங்கள், பிறகு நிக்கோடினைக் கூட்டுங்கள். ஓமைத் தொடுவது கடைசியாக இருக்கட்டும்.